முறுக்கு வியாபாரம் முதல் புல்வெட்டு காண்ட்ராக்ட் வரை: கணக்கும் வரியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் கேட்டவை இவை. பதில் சொல்லும் நான் முன்பு தோட்ட ஆபீசில் கிராணி, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா. இப்போது சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

வீட்டில் முறுக்கு, அதிரசம் சுட்டு விற்கிறேன். தீபாவளிக்குத்தான் நல்ல ஓட்டம். இதற்கெல்லாமா வரி?

கணக்குக் காட்டுவது வேறு, வரி கட்டுவது வேறு அக்கா. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஆண்டு முழுக்க விற்றது 62,000 வெள்ளி (ரிங்கிட்). மாவு, எண்ணெய், கேஸ், டப்பா, கூடமாட வேலை செய்த பெண்ணுக்குச் சம்பளம் எல்லாம் சேர்த்து 34,000. மிச்சம் 28,000. அதில் எல்லாருக்கும் உள்ள தனிநபர் கழிவு 9,000 போனால் 19,000. முதல் 5,000 வெள்ளிக்கு வரியே இல்லை. அடுத்த 14,000க்கு 1 விழுக்காடு, அதாவது 140 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000ஐத் தாண்டாதவருக்கு 400 வெள்ளி தள்ளுபடி இருக்கிறது. ஆக, நீங்கள் ஒரு சென்கூடக் கட்ட வேண்டாம்.

ஆனால் அந்த 34,000க்கு ரசீது எங்கே என்று கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். எண்ணெய் வாங்கிய பில்லால் அடுப்புப் பற்றவைத்துவிட்டு அப்புறம் என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய?

கடைச் சரக்கு, வீட்டு மளிகை, பிள்ளைகளின் டியூஷன் காசு எல்லாம் ஒரே பேங்க் அக்கவுண்டில்தான் ஓடுகிறது. பிரிக்க வேண்டுமா?

இன்றைக்கே பிரியுங்கள் அண்ணே. தொழிலுக்கென்று ஓர் அக்கவுண்ட் திறந்து, கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் பணம் அதில் மட்டும் விழும்படி செய்யுங்கள். வீட்டுக்கு வேண்டியதை மாதம் ஒரு தடவை அதிலிருந்து எடுங்கள். அப்படி எடுப்பதைச் சம்பளம் என்று செலவில் எழுதக் கூடாது. தனி ஆளாகத் தொழில் நடத்துபவர் தனக்குத் தானே சம்பளம் கொடுத்துக் கழிக்க முடியாது. என்னிடம் வருகிற கணக்குகளில் பாதி சிக்கல் வரிச் சட்டத்தால் வருவதில்லை, இந்த ஒரே அக்கவுண்டால்தான் வருகிறது.

தோட்டத்தில் புல் வெட்டும் காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறேன். நவம்பரில் வெட்டியதற்கு மார்ச்சில்தான் பணம் வந்தது. எந்த ஆண்டு வருமானம்?

நவம்பர் ஆண்டுதான் தம்பி. வேலை முடிந்து பணம் உனக்குச் சேர வேண்டியதாகிவிட்டால் அது அந்த ஆண்டு வருமானம். கைக்கு எப்போது வந்தது என்பதைப் பார்ப்பதில்லை. கொடுக்க வேண்டியவர் கைவிரித்துவிட்டால் அதை வராக்கடன் என்று கழிக்கலாம். ஆனால் கேட்டு எழுதிய கடிதம், அனுப்பிய மெசேஜ் என்று வசூலிக்க முயன்றதற்கு ஆதாரம் வேண்டும். ‘வராது போலிருக்கிறது’ என்று மனசுக்குப் பட்டது போதாது.

பணம் தாமதமாவதைப் பற்றியும் சொல்கிறேன். நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். ‘புல் வெட்டிய கூலி 4,800’ என்று துண்டுத் தாளில் எழுதி வந்த பில்லை எடுத்துக்கொண்டு எந்த மேனேஜரிடம் கையெழுத்துக்குப் போவது? பில்லுக்கு வரிசை எண் போடு. தேதி, எந்த பீல்டு, எத்தனை ஹெக்டர், ஹெக்டருக்கு என்ன ரேட், மொத்தம் எவ்வளவு, உன் பதிவுப் பெயர், பேங்க் நம்பர், எத்தனை நாளில் பணம் வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுது. வேலை ஆர்டர் நம்பர் இருந்தால் அதையும் போடு. பில்லைக் கொடுப்பதற்கு முன்பே வேலையை மேற்பார்த்த மண்டோரிடம் (கங்காணியிடம்) கையெழுத்து வாங்கிவிடு. செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பட்டியல்) போடும் மாதக் கடைசியில் போய் நிற்காதே, அந்த நேரத்தில் யாரும் உன் தாளைத் தொட மாட்டார்கள். ஒரு நகல் உன்னிடமும் இருக்கட்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 100,000 வெள்ளியைத் தாண்டினால் வரிசை எண்ணோடு ரசீது கொடுப்பது சட்டப்படியே கட்டாயம். சரக்கு விற்பவருக்கு அந்த வரம்பு 150,000.

எஸ்எஸ்எம் (நிறுவன ஆணையம்) பதிவு இல்லாமல் தொழில் செய்யலாமா?

கூடாது. தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைக்குத் தனிப் பெயர் வைத்தால் 60.

கேட்டரிங் செய்கிறோம். வேன் கடனுக்கு மாதாமாதம் கட்டுவதை அப்படியே செலவில் எழுதலாமா?

முழுசாக எழுத முடியாது தங்கச்சி. தவணையில் உள்ள வட்டி மட்டும்தான் செலவு. அசலுக்கு வேறு வழி, மூலதனக் கழிவு. அதாவது வண்டி, சாமான் விலையை ஆண்டுக்குக் கொஞ்சமாகக் கழிப்பது. முதல் ஆண்டில், முன்பணத்தோடு சேர்த்து அதுவரை கட்டிய அசலில் 20 விழுக்காடு தொடக்கக் கழிவு, இன்னொரு 20 விழுக்காடு ஆண்டுக் கழிவு. கிரைண்டர், அடுப்பு என்று ஒவ்வொன்றும் 2,000 வெள்ளிக்கு மேற்போகாத சாமான்களை வாங்கிய ஆண்டிலேயே முழுசாகக் கழித்துவிடலாம். அதே வேனில் குடும்பத்தோடு பத்து மலை முருகன் கோயிலுக்கும் போய் வருகிறீர்கள் என்றால், அந்தப் பங்கை வண்டி எண்ணெய்ச் செலவிலும் கழிவிலும் குறைத்துக்கொள்ளுங்கள். எந்த நாள், எங்கே சாப்பாடு கொண்டுபோனது என்று வண்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து எழுதினால் யார் கேட்டாலும் பதில் இருக்கும்.

தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், இரவில் ரவிக்கை தைக்கிறேன். வரிக்கு எந்தப் பாரம் (படிவம்)?

தையல் தொழில் வருமானம் என்பதால் பி பாரம். சம்பளத்தையும் அதிலேயே காட்டுங்கள். தொழில் இல்லாமல் சம்பளம் மட்டும் உள்ளவருக்கான பிஇ பாரத்துக்கு ஏப்ரல் 30 கடைசி நாள், பி பாரத்துக்கு ஜூன் 30.

சிபி500 என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை.

அது அபராதம் இல்லை ஐயா. நீங்கள் முன்பு காட்டிய தொழில் வருமானத்தை வைத்து, இந்த ஆண்டுக்கு இவ்வளவு வரி வரலாம் என்று எல்எச்டிஎன் என்ற வருமான வரி வாரியம் மதிப்பிட்டு, இரண்டு மாதத்துக்கு ஒரு தவணையாக ஆறு தவணை கேட்கிறது. இந்த ஆண்டு வியாபாரம் படுத்துவிட்டதா? ஜூன் 30க்குள் சிபி502 பாரம் கொடுத்துக் குறைக்கச் சொல்லுங்கள். ஆசைக்கு ரொம்பவும் குறைத்துவிட வேண்டாம். உண்மையான வரி நீங்கள் குறைத்த மதிப்பீட்டைவிடக் கூடி, அந்த வித்தியாசம் உண்மையான வரியில் 30 விழுக்காட்டைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 10 விழுக்காடு அபராதம் வரும். தவணையைத் தவறவிட்டாலும் அதே 10 விழுக்காடுதான். கடிதத்தைச் சாமி மேடையில் செருகி வைப்பது மட்டும் வேண்டாம்.

இ-இன்வாய்ஸ், அதாவது எல்எச்டிஎன் வழியாக ஆன்லைனில் போடும் பில், எல்லாருக்கும் கட்டாயமாமே?

ஆண்டு விற்பனை 1,000,000 வெள்ளிக்குக் கீழே என்றால் உங்களுக்குக் கட்டாயம் இல்லை. ஐம்பது வெள்ளிக்குச் செய்து தருகிறேன் என்று வீட்டுக்கு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள்.

மூன்று ஆண்டாகப் பாரமே அனுப்பவில்லை. இப்போது போனால் மாட்டிக்கொள்வேனா?

போகாவிட்டால்தான் மாட்டுவீர்கள். பாரம் அனுப்பாததற்கு 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. வரியே வராத வருமானத்துக்காக இந்த வம்பு எதற்கு? தானாகப் போய்ச் சொல்பவருக்கு அபராதம் குறைவு. பேங்க் ஸ்டேட்மெண்டை எடுத்து வையுங்கள், சரக்கு வாங்கிய கடைகளில் பழைய பில்லுக்கு நகல் கேளுங்கள், ஆண்டு வாரியாகப் பிரித்து எழுதிக்கொண்டு போங்கள். இனி வரும் ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடை மெஷினில் வரும் தாளில் எழுத்து சில மாதத்திலேயே மங்கிவிடும், வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.