கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே மை தீட்டுங்கள்

கேள்வி: எனக்கு வயது 57. மேல் இமை தொங்கிவிட்டது. ஐலைனர் போட்டுக் கண்ணைத் திறந்தால் கோடு காணாமல் போகிறது. அரை மணி நேரத்தில் புருவத்துக்குக் கீழே போய் ஈஷிக்கொள்கிறது. போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு பார்லரில் போட்டுக்கொண்டேன். வெள்ளி நிறத்தில் மினுமினுவென்று எதையோ பூசிவிட்டார்கள். போட்டோவில் அழுது வீங்கிய கண் மாதிரி இருக்கிறது. ஆவணியில் மகள் கல்யாணம். ‘இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?’ என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், நங்கநல்லூர்

பதில்: முதலில் வீட்டுக்காரரை ஒரு ஓரமாக உட்கார வைப்போம். ரிசப்ஷனில் மூன்று மணி நேரம் வீடியோ லைட்டுக்கு முன்னால் நிற்கப்போவது நீங்கள். அவர் ஹேர் டை அடித்துக்கொள்வாரா, மாட்டாரா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

பார்லர் பெண் செய்த தவறு என்ன தெரியுமா? கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மூடிய இமைக்கு அலங்காரம் செய்திருக்கிறார். இருபது வயதுக் கண்ணுக்கு அது சரி. நமக்கு வயதாக ஆக இமைத் தோல் தளர்கிறது, இமையைத் தூக்கும் தசையின் நாரும் நெகிழ்கிறது, புருவமும் கொஞ்சம் இறங்குகிறது. மூடியபோது தெரிந்த இடம் திறந்ததும் மடிப்புக்குள் போய்விடுகிறது. மினுமினுப்போ வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அடிக்கும். தொங்கும் சதையின் மேல் அதைப் பூசினால் சதை இன்னும் உப்பலாகத்தான் தெரியும்.

அதனால் நேர்மாறாகச் செய்யுங்கள். கைக்கண்ணாடியை மடியில் வைத்துக் குனிய வேண்டாம். முகத்துக்கு நேராக, பீரோ கண்ணாடி முன் நின்று நேரே பாருங்கள். புருவத்துக்குக் கீழே விரல் வைத்தால் எலும்பின் விளிம்பு தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே, மடிப்புக்கு மேலே ஒரு அரிசி அகலம் தள்ளி, மினுக்கம் இல்லாத மேட் பிரவுன் ஐஷேடோவை பிரஷ்ஷால் இப்படியும் அப்படியும் தேயுங்கள். எந்தப் பிரவுன்? இரண்டாம் டிகாக்‌ஷன் நிறம். சாம்பல் கலந்த பிரவுன் நம் மாநிறத்தில் அடிபட்ட காயம் மாதிரி தெரியும். நீங்கள் வரைவது ஒரு பொய் மடிப்பு; உங்கள் பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு நிழல், அவ்வளவுதான். ஓரம் கோடாகத் தெரியாமல் கரையும் வரை தேயுங்கள். பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் இதற்கே போகட்டும்.

மினுக்கம் வேண்டும் என்று ஆசையா? கண்ணின் உள்மூலையில், மூக்குப் பக்கம் ஒரு புள்ளி. போதும்.

லைனரைப் பொறுத்தவரை, தடிமனாகப் போட்டால் மிச்சம் இருக்கும் இமையையும் அதுவே தின்றுவிடும். வாட்டர்ப்ரூஃப் பென்சிலை இமை மயிர்களின் வேரிலேயே குத்திக் குத்தி நிரப்புங்கள். கோடு தெரியக்கூடாது, மயிர் அடர்த்தியாகத் தெரிய வேண்டும். கண்ணின் ஓரத்தில் கோட்டுக்கு வால் வேண்டுமானால், கண்ணைத் திறந்தபடியே வெளிமூலைக்குக் கொஞ்சம் முன்பாக நிறுத்தி, புருவத்தின் நுனியைப் பார்த்து மேலே இழுங்கள். கண் போகும் வழியிலேயே போனால் வாலும் கீழேதான் இறங்கும். தோலைக் காதுப் பக்கம் இழுத்துப் பிடித்து வரையாதீர்கள். கையை விட்டதும் கோடு கோணிக்கொள்ளும்.

ஈஷிக்கொள்வதற்குக் காரணம் எண்ணெயும் வியர்வையும். ஆவணி மாதச் சென்னைப் புழுக்கத்தில் ஏசி மண்டபமும் முழுசாகக் காப்பாற்றாது. அன்றைக்கு இமையில் கிரீம் எதுவும் தடவாதீர்கள். டிஷ்யூவால் ஒற்றிவிட்டு, நிறம் பிடித்து நிற்க அடியில் பூசும் பிரைமரோ, கறையை மறைக்கும் கன்சீலரோ மெலிசாக, அதன்மேல் துளி பவுடர், அப்புறம்தான் நிறம். மஸ்காராவுக்கு முன் கர்லரால் மயிரை வளைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சின்ன வேலை செய்கிற வித்தியாசத்தை நானே ஐம்பது வயதுக்கு மேல்தான் கண்டுகொண்டேன். கடைகளில் ட்யூபிங் மஸ்காரா என்று கேளுங்கள். மடிப்பில் உரசினாலும் அவ்வளவாக அப்பாது, வெந்நீரில் சுருளாகக் கழன்று வந்துவிடும். திறந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆன மஸ்காராவைத் தூக்கிப் போடுங்கள்.

கீழ் இமை மையை விடச் சொன்னால் கோபம் வரும், தெரியும். எனக்கும் வரும். ஆனால் கீழே பட்டையாகத் தீட்டிய மை கண்ணை இன்னும் கீழே இழுக்கும், ரிசப்ஷன் முடிவதற்குள் கன்னத்துக்கும் வரும். வெளிப்பாதியில் மட்டும் மெல்லிசாக இழுத்து, அதன்மேல் அதே பிரவுனைத் தொட்டு வையுங்கள். கல்லைப் பொடித்துச் செய்யும் பழைய கண் மையான கல் சுருமாவை யாராவது கொடுத்தால் வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஈயம் இருக்கிறது. புருவத்தை த்ரெடிங்கில் நூலாக்கிவிடாதீர்கள், அடிப்பக்கம் மட்டும் சுத்தம் செய்தால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். இரண்டு இமையும் பல வருஷமாக மெதுவாக இறங்கியிருந்தால் அது பெரும்பாலும் வயதுதான். ஒரு இமை மட்டும் திடீரென்று இறங்கினாலோ, கூடவே பொருள்கள் இரண்டாகத் தெரிந்தாலோ, கடும் தலைவலி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலையில் சரியாக இருந்து சாயங்காலம் தொங்கினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தோல் பார்வையையே மறைத்தால் ஆபரேஷன் உண்டு. 1819-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கும் ஊரில் இருக்கிறோம், ஒருமுறை காட்டிவிடலாம். ஆனால் ஆபரேஷன் என்றால் கல்யாணம் முடியட்டும். கத்தி வைத்தால் வீக்கமும் கன்றலும் வடிய சில வாரங்கள் பிடிக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஒத்திகை பாருங்கள். இடது கண்ணுக்கு மட்டும் போட்டுக்கொண்டு, வலதைச் சும்மா விட்டு, வாசலில் நின்று மகளை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அப்படியே சமையல்கட்டில் ஒரு மணி நேரம் வேலை செய்துவிட்டு வந்து இன்னொரு போட்டோ. எங்கே ஈஷியிருக்கிறதோ அங்கேதான் கல்யாணத்தன்று கூடுதல் பவுடர் வேண்டும்.