ஓரியோல்ஸ் நாற்றங்கால்: பழைய பட்டியலும் புதிய கேள்விகளும்

2023 சீசனுக்கு முன் அமெரிக்க பேஸ்பால் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸின் மைனர் லீக் பையன்களை வரிசைப்படுத்தி 30 பேர் பட்டியல் ஒன்று போட்டிருந்தேன். கன்னர் ஹெண்டர்சன், கிரேசன் ரோட்ரிகஸ், ஜாக்சன் ஹாலிடே, கோல்டன் கௌசர், ஜோர்டன் வெஸ்ட்பர்க், டி.எல். ஹால், கோபி மேயோ, ஜோயி ஓர்ட்டிஸ், ஹெஸ்டன் கியர்ஸ்டாட் என்று போனது வரிசை. இப்போது அதைத் தோண்டி எடுத்துக் கேள்வி மேல் கேள்வி வருகிறது. ஓடி ஒளிய இடமில்லை, பதில் சொல்கிறேன்.

அண்ணா, நான் கிரிக்கெட் மட்டும் பார்த்து வளர்ந்தவன். மைனர் லீக் என்றால் நம்ம ரஞ்சி டிராபி மாதிரியா?

இல்லை தம்பி. ரஞ்சியில் தமிழ்நாடு அணி தன் வெற்றிக்காக ஆடுகிறது. மைனர் லீக் அணி நாற்றங்கால். நாற்றை எப்போது பிடுங்கி எங்கே நட வேண்டும் என்பதை மேலே இருக்கும் பெரிய அணிதான் முடிவு செய்யும். பையன்களுக்குச் சம்பளமும் அதுவே தருகிறது. நல்ல ஃபார்மில் இருப்பவனை நாளை காலை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், உள்ளூர் ரசிகன் வாயைப் பிளந்து பார்க்க வேண்டியதுதான். அந்தப் பட்டியல் போட்டபோது ஓரியோல்ஸுக்குக் கீழிருந்து மேலாக நான்கு படிகள்: டெல்மார்வாவில் சிங்கிள்-ஏ, அபர்டீனில் ஹை-ஏ, போவியில் டபுள்-ஏ, நார்ஃபோக்கில் டிரிபிள்-ஏ. இவற்றுக்கும் கீழே புளோரிடாவிலும் டொமினிகன் குடியரசிலும் முகாம் அணிகள்.

ஹெண்டர்சன் 2022லேயே பெரிய லீக்கில் (மேஜர் லீக்) ஆடி ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்தாரே? அவரை எப்படி இந்தப் பட்டியலில் சேர்த்தீர்கள்?

விதி அப்படி. பெரிய லீக்கில் 130 அட்-பேட் (பேட்டிங் வாய்ப்பு) தாண்டினாலோ, அந்த அணியில் 45 நாளுக்கு மேல் இருந்தாலோ புதுமுகம் என்ற தகுதி போய்விடும். ஆகஸ்ட் 31 அன்று வந்தவர் அந்த வருடம் 116 அட்-பேட்டோடு முடித்தார். 45 நாள் கணக்கும் நிறையவில்லை. அதனால் 2023இல் சிறந்த புதுமுக வீரர் விருது அவருக்கு, ஒரு ஓட்டு கூட மாறாமல். இதை அணி நிர்வாகமும் விரல் விட்டு எண்ணிக்கொண்டுதான் இருக்கும். அந்த விருதால் 2024 டிராஃப்டில், அதாவது அணிகள் புதுப் பையன்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்வில், ஓரியோல்ஸுக்கு ஒரு தேர்வு கூடுதலாகவே கிடைத்தது.

சார், ஓட்டத்துக்கு 55, எறிதலுக்கு 60 என்று மார்க் போடுகிறீர்கள். இது நூற்றுக்கா?

எண்பதுக்கு. அதுவும் இருபதில் தொடங்கும்! திறமை தேடி அலையும் ஸ்கவுட்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் அளவுகோல் இது: 20 அடிமட்டம், 80 உச்சம், 50 என்றால் பெரிய லீக்கின் சராசரி. பள்ளிக்கூட மார்க் மாதிரி நினைத்து 50 வாங்கியவனை ஏளனம் செய்யாதீர்கள். எல்லாவற்றிலும் 50 வாங்கும் பையன் பெரிய லீக்கில் வருடக்கணக்கில் சம்பளம் வாங்குவான்.

ஓட்டத்துக்கு மார்க் போடுவது சுலபம். மட்டையில் பந்து படும் நொடியில் ஸ்டாப்வாட்ச்சை அழுத்த வேண்டும், பேட்டர் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸில் கால் படும்போது நிறுத்த வேண்டும். வலது கை பேட்டர் 4.3 விநாடியில் வந்தால் 50. இடது கைக்காரர் பேஸுக்கு ஓரிரு அடி பக்கத்தில் நிற்பதால் அவருக்கு 4.2. பத்தில் ஒரு பங்கு விநாடி குறைந்தால் பத்து மார்க் ஏறும். முதன்முதலாக போவியில் வாட்ச்சும் கையுமாக உட்கார்ந்த அன்று, பந்து எங்கே போகிறது என்று வேடிக்கை பார்த்தே எட்டு பேரைக் கோட்டைவிட்டேன். பந்தைப் பார்க்கவே கூடாது, காலைப் பார்க்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கோடைக்காலம் ஆனது.

சிக்கல் பேட்டிங் மார்க்கில்தான். அதற்கு எந்தக் கடிகாரமும் இல்லை. வெளியே விலகிப் போகும் ஸ்லைடரை விட்டுவிடுகிறானா, இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு (மூன்றானால் அவுட்) மட்டை வீச்சைச் சுருக்கிக்கொள்கிறானா என்று பத்து ஆட்டமாவது பார்க்க வேண்டும். என் வரிசையில் நான் அதிகம் மதிப்பதும் இந்த மார்க்கைத்தான். பலம் இருந்து பந்தைத் தொட முடியாதவன் டபுள்-ஏவிலேயே மாட்டிக்கொள்வான்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்களே! பிறகு எதற்கு 30 பேர் பட்டியல்?

இந்த விளையாட்டில் அந்தப் பழமொழி செல்லாது. ஆல்பர்ட் புஹோல்ஸ் 1999 டிராஃப்டில் 13ஆவது சுற்றில் போனார், 402ஆவது ஆள். கடைசியில் 703 ஹோம் ரன். 1991இல் யாங்கீஸ் அணி முதல் ஆளாக எடுத்த பிரையன் டெய்லர் தோள்பட்டையில் அடிபட்டு, பெரிய லீக்கில் ஒரு பந்துகூட வீசாமல் போனார்.

கிரேசன் ரோட்ரிகஸுக்கு இரண்டாம் இடம் கொடுத்ததற்கு இப்போது வருத்தமா?

வருத்தம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இன்று போட்டால் ஹாலிடேவுக்குக் கீழே வைப்பேன். அவர் பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர். 2024இல் 20 ஆட்டங்களில் 13 வெற்றி என்று அசத்தினார். ஜூலை முடிவில் காயம். 2025 முழுவதும் பெரிய லீக்கில் ஒரு பந்தும் வீசவில்லை, அந்த வருடக் கடைசியில் ஏஞ்சல்ஸ் அணிக்கு மாற்றிவிட்டார்கள். அவருடைய திறமையை நான் தப்பாக எடை போடவில்லை. தோளும் முழங்கையும் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் பிட்ச்சர்களிடம் யாராலும் சொல்ல முடியாத விஷயம். அதனால் பிட்ச்சரும் பேட்டரும் சமமாகத் தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு பேட்டரை மேலே வைத்துவிடுகிறேன்.

நார்ஃபோக்கில் 27 வயதில் நன்றாக அடிக்கிறவர்களை விட்டுவிட்டு, அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்த ஹாலிடேவுக்கு மூன்றாம் இடம். நியாயமா இது?

கோபம் புரிகிறது. ஆனால் இன்று யார் நன்றாக ஆடுகிறான் என்பதற்கான வரிசை இல்லை இது. 27 வயதுக்காரர் பெரும்பாலும் தன் வயதை ஒட்டியவர்கள் வீசும் பந்தை அடிக்கிறார். ஹாலிடே 2023இல் 19 வயதில் ஒரே சீசனில் டெல்மார்வாவில் தொடங்கி நார்ஃபோக் வரை நான்கு படியும் ஏறினார். எந்த எண்ணைப் பார்த்தாலும் பக்கத்திலேயே வயதையும் பாருங்கள்.

அதற்காக மேலே போனதும் பூமாலை காத்திருக்கும் என்று அர்த்தமில்லை. 2024 ஏப்ரலில் வந்த ஹாலிடே முதல் 10 ஆட்டங்களில் 34 அட்-பேட்டில் 2 ஹிட், 18 ஸ்ட்ரைக்அவுட். திருப்பி நார்ஃபோக்குக்கே அனுப்பினார்கள். அந்த வாரம் எனக்கு வந்த நக்கல் செய்திகளை இன்னும் அழிக்கவில்லை. ஜூலை 31 அன்று திரும்பி வந்தவர் அடித்த முதல் ஹோம் ரன்னே கிராண்ட் ஸ்லாம், ஒரே அடியில் நான்கு ரன். அன்று யாரும் செய்தி அனுப்பவில்லை.

ஓர்ட்டிஸும் ஹாலும் ஓரியோல்ஸில் நிலைக்கவே இல்லையே, அப்புறம் அந்த இடங்கள் வீண்தானே?

எப்படி வீணாகும்? 2024 பிப்ரவரியில் அந்த இருவரையும் ஒரு டிராஃப்ட் தேர்வையும் மில்வாக்கி அணிக்குக் கொடுத்துத்தான் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாங்கிய கார்பின் பர்ன்ஸை வாங்கினார்கள். ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே உள்ள ஃபீல்டிங் இடம்) ஹெண்டர்சன் நிற்கும்போது ஓர்ட்டிஸுக்கு அங்கே இடமில்லை. நாற்று மிஞ்சினால் பக்கத்து வயலுக்கு விற்பதுதானே வழக்கம். பர்ன்ஸ் ஒரே வருடத்தில் அரிசோனா அணிக்குப் போய்விட்டார் என்பது வேறு கதை.

கியர்ஸ்டாட் ஏன் ஒன்பதில்?

2020இல் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டவர். இதயத் தசை அழற்சியால் 2022 ஜூன் வரை ஓர் ஆட்டம்கூட ஆட முடியவில்லை. ஆடாதவரை எந்தக் கணக்கில் எடை போடுவது? ஒரு குத்துமதிப்பு, அவ்வளவுதான்.

உங்கள் பட்டியலில் படு மோசமான தப்பு எது? மழுப்பாமல் சொல்லுங்கள்.

சாமுவேல் பசாயோ. 14ஆவது இடத்தில் போட்டேன். 16 வயதில் டொமினிகன் குடியரசிலிருந்து 13 லட்சம் டாலருக்கு ஒப்பந்தமான கேட்ச்சர், நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி. 2022இல் புளோரிடா முகாம் அணியில் ஆடியபோது நான் நேரில் பார்க்கவில்லை, ஸ்கோர் தாளை மட்டும் வைத்து முடிவு கட்டினேன். அடுத்த வருடமே போவி வரை வந்துவிட்டார். 2025 ஆகஸ்டில், 21 வயதில், பெரிய லீக்; வந்த சில நாட்களிலேயே எட்டு வருடத்துக்கு 6 கோடியே 70 லட்சம் டாலர். கௌசரும் வெஸ்ட்பர்க்கும் என் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றினார்கள் என்று வையுங்கள்.

நேரில் பார்த்துப் பழக எங்கே போகலாம் அங்கிள்? வாஷிங்டன் பக்கம் இருக்கிறோம்.

போவிதான். அணிக்கு இப்போது செசபீக் பேசாக்ஸ் என்று பெயர், மைதானம் அதேதான். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்காருங்கள். பந்தின் வேகம் அளக்கும் ரேடார் துப்பாக்கி வைத்திருக்கும் ஸ்கவுட்களும் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். வாட்ச்சை மட்டையின் சத்தம் கேட்டதும் அழுத்துங்கள். அந்தப் பக்கம் சத்தமாகக் கணக்கு சொல்லிக்கொண்டிருக்கும் ஆள் நானாக இருக்கலாம்.