உலைக்களத்துக் கடவுள் சுர்ட்டர்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

வெள்ளவத்தையில் சனிக்கிழமை இரவுகளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை சொல்லி ஆடும் மேசை விளையாட்டை விளையாடும் கூட்டத்துக்கு நான்தான் டஞ்சன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துகிறவள். போன மாதம் நெருப்பு ராட்சதர்களின் கோட்டை வாசலில் உங்களைக் கொண்டுபோய் விட்டாலும் விட்டேன், அவர்கள் கும்பிடும் சுர்ட்டரைப் பற்றி ஆளாளுக்கு மெசேஜ் போட்டுத் தள்ளுகிறீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். இனி எல்லாவற்றையும் இங்கேயே கேளுங்கள். விதி பற்றிச் சொல்வதெல்லாம் ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகங்களை வைத்துத்தான்.

கேள்வி (கொட்டாஞ்சேனை, புதிதாகச் சேர்ந்தவன்): அக்கா, முதலில் இந்த சுர்ட்டர் யார்? நான் முழுசாக ஒன்றும் வாசிக்கவில்லை.

வாசிக்காமல் வந்து கேட்கிறாய், பரவாயில்லை தம்பி. ராட்சதர்களுக்கெல்லாம் தகப்பன் அன்னம் என்றொரு கடவுள். (சோறும் இல்லை, பறவையும் இல்லை. ஒவ்வொரு முறையும் மேசையில் யாராவது இதற்குச் சிரிக்கிறார்கள்.) அவருடைய பிள்ளைகளில் ஒருவர் சுர்ட்டர், நெருப்பு ராட்சதர்களின் கடவுள். பனி ராட்சதர்கள் கும்பிடும் த்ரிம் இவருக்குச் சகோதரர். ராட்சதர்களிடம் ஆர்ட்னிங் என்று ஒரு படிநிலை இருக்கிறது: புயல், முகில், நெருப்பு, பனி, கல், குன்று. ஆக, நெருப்பு ராட்சதர்கள் மேலிருந்து மூன்றாவது. 18 அடி உயரம், உடம்பு முழுக்க இரும்புக் கவசம், எரிமலைக்குள் வீடு. சுர்ட்டரின் சின்னம் எரிகிற வாள். இப்போதைக்கு இது போதும்.

கேள்வி (தெஹிவளை): ஸ்காண்டிநேவியப் பழங்கதையில் வரும் சுர்ட்டர்தானே இவர்? அங்கே அவர் உலகத்தை எரிப்பவர் என்று கேள்விப்பட்டேன். கொல்லன் என்று எங்கேயும் இல்லையே?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். பழைய கதையில் சுர்ட்டர் தெற்கே இருக்கும் முஸ்பெல் என்ற நெருப்பு நாட்டைச் சேர்ந்தவர். ரக்னரோக் என்ற கடைசிப் போரில் ஃப்ரெய்ர் என்ற கடவுளோடு மோதிக் கொல்கிறார், பிறகு உலகத்துக்கே தீ வைக்கிறார். ஃப்ரெய்ர் கையில் அன்றைக்கு வாள் இல்லை, ஒரு பெண்ணைக் கட்டுவதற்காக முன்பே அதைக் கொடுத்துவிட்டார், பாவம். இந்தக் கதையில் சுர்ட்டரிடம் வாள் உண்டு, சம்மட்டி கிடையாது. சுர்ட்டர் என்ற பெயருக்கே 'கரியவன்' என்றுதான் பொருள். 1963 நவம்பரில் ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலுக்கு அடியில் எரிமலை வெடித்து ஒரு தீவு மேலே வந்ததே, அதற்கு சுர்ட்ஸி என்று பெயர் வைத்தது இவரை நினைத்துத்தான்.

உலையையும் சம்மட்டியையும் இவர் கையில் கொடுத்தது இந்த விளையாட்டை எழுதியவர்கள். வேடிக்கை என்னவென்றால், விளையாடுபவர்களுக்கான அந்த 2014 புத்தகத்தின் பின்னிணைப்பில் இவர் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. ஸ்காண்டிநேவியக் கடவுளர் பட்டியலில் 'நெருப்பு ராட்சதர்களுக்கும் போருக்கும் கடவுள்', மனிதரல்லாதோரின் கடவுளர் பட்டியலில் 'நெருப்பு ராட்சதர்களுக்கும் கைத்தொழிலுக்கும் கடவுள்'. ஒரே ஆள், இரண்டு தொழில். நான் கதை நடத்தும்போது இரண்டாவதைத்தான் முன்னால் வைப்பேன். எரிக்கிறவனை வைத்து ஒரு இரவு ஓட்டலாம், செய்கிறவனை வைத்து ஒரு வருஷம் ஓட்டலாம்.

கேள்வி (வத்தளை): நெருப்பு ராட்சதன்தானே, குளிர் மந்திரம் அடித்தால் இரட்டிப்பாக வலிக்குமா?

இல்லை. பழைய மூன்றாம் பதிப்பில் குளிர் அவர்களுக்குப் பலவீனம். ஐந்தாம் பதிப்பில் நெருப்பு மட்டும் ஏறாது, குளிர் எல்லாருக்கும் போலத்தான்.

கேள்வி (பம்பலப்பிட்டி): அக்கா, அவன் போட்டிருப்பது இரும்புக் கவசம். ஹீட் மெட்டல் மந்திரத்தால் அதைப் பழுக்கக் காய்ச்சினால் என்ன? எங்கள் கூட்டத்தில் மந்திரம் போடும் பாடகனாக விளையாடுகிறவன் இந்தத் திட்டத்தோடு மூன்று வாரமாகக் காத்திருக்கிறான்.

அவனிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அந்த மந்திரம் தருவது நெருப்புக் காயம், ராட்சதனுக்கு அது பூச்சியம். காயம் பட்டால்தான் ஆயுதத்தைக் கீழே போடுவது, தடுமாறுவது எல்லாம் வரும், படாவிட்டால் ஒன்றுமே இல்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதை. அவன் காய்ந்த கவசத்தைத் தடவிப் பார்த்து, 'இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்' என்று சொல்வதாக நான் நடத்துவேன். 162 உயிர்ப்புள்ளி உள்ளவன் சிரித்தால் மேசை அமைதியாகிவிடும்.

கேள்வி (கல்கிசை, பொறியியல் மாணவன்): எரிமலைக் குழம்பில் இரும்பை உருக்குவதாகப் போன வாரம் விவரித்தீர்கள். அது நடக்காதே?

பிடித்துவிட்டாய். ஒப்புக்கொள்கிறேன், போன வாரம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். பசால்ட் வகை எரிமலைக் குழம்பு சுமார் 1100 முதல் 1200 பாகை செல்சியஸ். சுத்த இரும்பு உருகுவதற்கு 1538 வேண்டும். ஆனால் கவனி, உருக்கை அடித்து வளைப்பதற்குத் தேவையான சூடு கிட்டத்தட்ட அந்த 1100, 1200தான். மங்கின சிவப்பில் அடித்தால் இரும்பு அடம்பிடிக்கும், செம்மஞ்சள் தாண்டி மஞ்சளாக வரும்போது சொன்னபடி கேட்கும், வெள்ளைக்குப் போய்விட்டால் பொறி பறந்து இரும்பே எரியத் தொடங்கும். கொல்லனுக்கு வெப்பமானி கண்தான், அதனால்தான் பட்டறையை இருட்டாக வைத்திருப்பார்கள்.

ஆகவே எரிமலை என்பது அடிக்கிற உலைக்குத் தோது, உருக்குகிற உலைக்குக் காணாது. இரும்பை நேரே குழம்புக்குள் விட்டாலும் சரிவராது, குளிர்ந்த இரும்பு பட்ட இடத்தில் குழம்பு இறுகி அதன்மேல் கல் ஓடு கட்டிவிடும். உருக்க வேண்டுமென்றால் கரியும் காற்றும் வேண்டும், அதாவது துருத்தி வேண்டும். இதை நான் பிழையாக எடுக்கவில்லை, கதைக்குக் கிடைத்த வரமாக எடுத்துக்கொண்டேன். இனி நம் கோட்டையில் துருத்தி மிதிப்பதற்கென்றே நூறு அடிமைகள் இருப்பார்கள், சுரங்கத்துக்குக் குள்ளர்களைப் பிடித்துப்போகும் ராட்சதர்கள் இதற்கும் பிடிக்க மாட்டார்களா என்ன? அந்தத் துருத்தியை நிறுத்தினால் கடவுளே பட்டினி. வழி சொல்லிவிட்டேன் போல, சரி, மறந்துவிடுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை, அதே தம்பி): நான் சுர்ட்டரின் பூசாரியாக விளையாடலாமா? ஃபோர்ஜ் டொமைன் (உலைக்களம் சார்ந்த பூசாரிப் பிரிவு) எடுக்கலாமா?

2014 பட்டியலில் இவருக்கு டொமைன்களாக அறிவும் போரும்தான் கொடுத்திருக்கிறார்கள். ஃபோர்ஜ் டொமைன் 2017இல்தான் வந்தது, அதனால் அதில் இல்லாதது ஆச்சரியமில்லை. என் மேசையில் தாராளமாக எடு. முதல் நிலையிலேயே ஒரு ஆயுதத்தையோ கவசத்தையோ மந்திரம் ஏறியதாக ஆக்கலாம், ஆறாம் நிலையில் நெருப்பு பாதிதான் சுடும், பதினேழில் சுடவே சுடாது. ஒரே நிபந்தனை: வாரா வாரம் உன் ஆள் கையால் எதையாவது செய்ய வேண்டும், ஒரு ஆணியாவது. சும்மா கும்பிட்டுக்கொண்டு நிற்கும் பூசாரியை இந்தக் கடவுள் திரும்பியும் பார்க்க மாட்டார்.

கேள்வி (வெள்ளவத்தை): புத்தகத்தில் இவர் தீயவர் என்றுதானே இருக்கிறது? நீங்கள் ஏதோ விஸ்வகர்மா மாதிரிக் கதைக்கிறீர்கள்.

தீயவர்தான், நான் மறைக்கவில்லை. ஆனால் லாஃபுல் ஈவில், ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட தீயவர். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார், அந்தச் சொல்லுக்குள்ளேயே உங்களைச் சங்கிலி போட்டும் வைப்பார். விஸ்வகர்மாவைவிட மயன் இவருக்குக் கிட்ட வருவார் என்று எனக்குப் படுகிறது: அசுரர் பக்கத்துச் சிற்பி, கட்டிக் கொடுத்த கோட்டைகள் அழகோ அழகு, உள்ளே இருப்பவர்கள்தான் பிரச்சினை. ஆனால் மயன் யாரையும் அடிமையாக வைத்து வேலை வாங்கியதாக நான் கேட்டதில்லை. அங்கே ஒப்புமை உடைகிறது, உடைந்தே இருக்கட்டும்.

கேள்வி (தெஹிவளை): நானும் சொந்தமாக ஒரு கதை நடத்தப் போகிறேன். எரிமலை இல்லாத நாட்டில் சுர்ட்டர் கோயிலை எங்கே வைப்பது? நம் ஊர் மலை மாதிரி இருந்தால் நல்லது.

இதற்காகத்தான் காத்திருந்தேன். பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ இருக்கிறதல்லவா, அந்தப் பகுதியில் மேற்கே பார்த்த மலை முகடுகளில் பழைய இரும்பு உலைகள் தோண்டி எடுக்கப்பட்டன. கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் 1996இல் நேச்சர் ஆய்விதழில் அதைப் பற்றி எழுதினார். அங்கே துருத்தியே தேவைப்படவில்லை. தென்மேல் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் காற்று உலையின் முன்சுவருக்கு மேலால் பாயும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, அடியில் உள்ள குழாய்களால் காற்று தானாகவே இழுபடும். 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை இப்படி வேலை நடந்திருக்கிறது, கரி கூடின நல்ல உருக்கே கிடைத்திருக்கிறது. அதே மாதிரி உலை கட்டி உருக்கியும் காட்டினார்கள்.

இதை அப்படியே தூக்கி ராட்சதர் அளவுக்குப் பெரிதாக்குங்கள். ஒரு மலை முகடு முழுக்க வரிசையாக உலைகள், வருஷத்தில் சில மாதம் மட்டும் கோயில் உயிரோடு இருக்கும், மற்ற மாதங்களில் சாம்பலும் கழிவு இரும்பும். காற்று வரும் நாள்தான் திருவிழா. உங்கள் ஆட்கள் காற்று தொடங்குவதற்கு முன் உள்ளே போய் வெளியே வர வேண்டும் என்று கெடு வைத்துவிட்டால், நீங்கள் வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை, பயம் தானாக வரும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): கடைசியாக ஒன்று. போன மாதம் உலைக்களக் காட்சியில் பின்னால் ஒரு சம்மட்டிச் சத்தம் போட்டீர்களே, எங்கே எடுத்தீர்கள்? அப்படியே மயிர்க்கூச்செறிந்தது.

காலி வீதியில் ஒரு கொத்து ரொட்டிக் கடை வாசலில் நின்று போனில் பதிவு செய்தது. இரண்டு தகடும் கல்லில் விழுகிற அந்தத் தாளத்தைப் பாதி வேகத்துக்குக் குறைத்து, கொஞ்சம் எதிரொலி சேர்த்தேன், அவ்வளவுதான். கவனமாகக் கேட்டால் நடுவில் ஒருவர் 'அண்ணே, உறைப்புக் கூட' என்று சொல்வதும் கேட்கும்.