பெரியது, கனமானது எல்லாமே ஆங்கிலத்தில் 'ஹெவி'தானா?

தூக்குவதற்குக் கஷ்டமான எதையும் 'ஹெவி' என்று சொல்லலாமா எனக் கேட்டிருந்தீர்கள். சொன்னால் இலவம்பஞ்சு மெத்தையில் மாட்டிக்கொள்வீர்கள். அதில் எடை அதிகமில்லை, இடத்தைத்தான் அடைக்கும். அது 'பல்க்கி'. வீட்டு கேஸ் சிலிண்டர் நேரெதிர்: உள்ளே 14.2 கிலோ கேஸ், இரும்போடு சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ. அதற்கு 'ஹெவி' சரி, 'ஹெஃப்டி'யும் பொருந்தும். போலீஸ் தீட்டும் அபராதத்தைக்கூட 'ஹெஃப்டி ஃபைன்' என்பார்கள்.

எனக்குப் பிடித்தது 'அன்வீல்டி'. 'வீல்ட்' என்றால் கையாளுதல்; கைக்கு அடங்காதது அன்வீல்டி. திருவல்லிக்கேணியில் வீடு மாறியபோது எங்கள் பீரோ மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. நான்கு பேர் பிடித்ததால் எடை ஒரு பொருட்டே இல்லை. சாய்த்தால் கால் சுவரில் இடித்தது, நிமிர்த்தினால் தலை மேல்படியில் முட்டியது. அதுதான் அன்வீல்டி! கடைசியில் கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றினோம்.

'கம்பர்சம்' இதற்குப் பங்காளி. ஆனால் நாலு மேஜை சுற்றி வரும் ஆபீஸ் நடைமுறையையும் அப்படிச் சொல்லலாம். அப்புறம் 'ஹியூஜ்': வெறுமனே ரொம்பப் பெரிது, அவ்வளவுதான். 'மாசிவ்' என்றால் திரண்ட கனமும் கூடவே தெரியும்.