பழைய கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு: வாசகர் கேள்வி-பதில்

கே: சீனியர் ஒருவர் ஊருக்குக் கிளம்புகிறார். 8 பின் பவர் (தனி மின் ஒயர்) கேட்கும் பெரிய கிராபிக்ஸ் கார்டைப் பாதி விலைக்குத் தருகிறார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். என்னிடம் இருப்பது டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010, சின்ன பெட்டி. பொருந்துமா?
*மாணவர், காட்பாடி*

ப: பொருந்தாது. தம்பி, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டாமா? நான்கு திருகு கூட இல்லை அதில். உங்கள் பெட்டிக்கு உயரம் குறைந்த, லோ புரொஃபைல் கார்டுதான் நுழையும். உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி, 240 வாட். அதில் 8 பின் ஒயரே கிடையாது. தனி பவர் கேட்காத கார்டுகள் மதர்போர்டில் செருகும் ஸ்லாட்டிலிருந்தே அதிகபட்சம் 75 வாட் எடுத்துக்கொள்ளும். ஆனால் சின்ன பெட்டிகள் சிலவற்றில் அந்த வரம்பே இன்னும் குறைவு. மாடலின் கையேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சீனியரிடம் இன்றே பேசி அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள்.

கே: கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். ஃபைல் திறக்கவே நேரம் ஆகிறது. 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர்.
*ஸ்டூடியோ உரிமையாளர், குடியாத்தம்*

ப: ஃபைல் திறக்கும்போது டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் உங்களுக்குத் தேவை எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்கை விட வேகமான டிஸ்க். மெமரி நிரம்பி வழிந்தால் ரேம். கார்டு வாங்காதீர்கள்.

கே: ஜிடி 1030 கார்டு இரண்டு கடையில் விசாரித்தேன். இரண்டும் 2 ஜிபி. விலை மட்டும் வேறு. "எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார் குறைந்த விலை சொன்னவர்.
*ராணிப்பேட்டை*

ப: ஒன்று இல்லை. இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. ஜிடி 1030 முதலில் ஜிடிடிஆர்5 என்ற வேகமான மெமரியோடு வந்தது. 2018-இல் அதே பெயரில், டிடிஆர்4 என்ற மெதுவான மெமரி போட்டு இன்னொன்றை இறக்கியது என்விடியா கம்பெனி. முதலாவதில் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி. இரண்டாவதில் 17-ஐக் கூடத் தொடாது. விளையாட்டில் பாதி வேகத்துக்கு விழுந்துவிடும். பெயர் அதே, "2 ஜிபி" என்ற கொட்டை எழுத்தும் அதே. வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

அண்ணன் மகளுக்காக நான் வாங்கிய ஜிடி 730-ம் இந்தக் கதைதான். அட்டைப்பெட்டி முழுக்க "4 ஜிபி" என்று போட்டிருந்தது. மாட்டிப் பார்த்தால் உள்ளே இருந்தது 96 கோர் (கணக்குப் போடும் அலகு) கொண்ட, பெர்மி என்ற பழைய தலைமுறை சிப். அதே பெயரில் 384 கோர் உள்ள, அடுத்த தலைமுறையான கெப்ளர் கார்டும் விற்பனையில் இருந்தது. பெர்மிக்கு 2018 ஏப்ரலோடு புது கேம்களுக்கான டிரைவர் மென்பொருள் வருவதும் நின்றுவிட்டது. ஜிபி என்பது கார்டின் வேகம் அல்ல. பெரிய குடோன் வைத்திருப்பதால் சமையல் வேகமாக நடந்துவிடாது. மெமரி வகை, கோர் எண்ணிக்கை, எத்தனை பிட் பஸ் (மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள பாதையின் அகலம்) என்ற மூன்றையும் பெட்டியின் முன்பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அதுவரை, "ஜிடிடிஆர்5" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

கே: ஆன்லைனில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வாங்கினேன். கேம் திறந்தாலே திரை கறுத்துவிடுகிறது. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று வருகிறது. ரிட்டர்ன் தேதி முடிந்துவிட்டது என்கிறார் விற்றவர். மூன்று மாதம் சேர்த்த பணம்.
*சத்துவாச்சாரி*

ப: உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. பத்து வருடத்துக்கு மேல் பழைய ஜிடிஎஸ் 450 போன்ற கார்டுகளின் பயாஸை (கார்டு தன் பெயரைச் சொல்லும் உள் மென்பொருள்) மாற்றி, புதுப் பெயர் ஒட்டி விற்கிறார்கள். 1050 டிஐ என்று விற்ற கார்டில் நீல நிற விஜிஏ போர்ட் (பழைய மானிட்டர் கேபிள் மாட்டும் இடம்) இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். உண்மையான 1050 டிஐ சிப்பில் விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் வெளியீடே கிடையாது.

பணத்தை விடாதீர்கள். போலிப் பொருளையும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. ஜிபியு-இசட் திரை, விளம்பரப் பக்கம், பில் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக அவர் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கும் போன் செய்து பதிவு செய்யுங்கள். அப்புறமும் இழுத்தடித்தால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

கே: கேபினெட்டோடு வந்தது 450 வாட் எஸ்எம்பிஎஸ். புது கார்டு போட்டதிலிருந்து மதியத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது.
*ஆற்காடு*

ப: எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12வி என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே 16ஏ (ஆம்பியர்) என்று போட்டிருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். கார்டுக்கும் ப்ராசஸருக்கும் சேர்த்துக் கிடைப்பது அவ்வளவுதான். "450" என்பது வெறும் ஸ்டிக்கர். நம் ஊர் கத்திரி வெயிலில் அதுவும் நிற்காது. அது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கெடுப்பதற்குள் மாற்றிவிடுங்கள். 80 பிளஸ் என்ற மின்திறன் சான்று உள்ள நல்ல கம்பெனிப் பொருளாகப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

கே: இரண்டாம் தலைமுறை ஐ3 ப்ராசஸர் உள்ள கம்ப்யூட்டரில் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு போடலாமா?
*ஆரணி*

ப: வேண்டாம்.

கே: கார்டு மாட்டியும் கேம் பழைய வேகத்தில்தான் ஓடுகிறது. கார்டு பழுது, பார்த்துத் தர 500 ரூபாய் என்கிறார் சர்வீஸ்காரர்.
*காட்பாடி*

ப: மானிட்டர் கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது? மேலே, மவுஸ் கீபோர்டு பக்கத்தில் இருந்தால் அது மதர்போர்டின் போர்ட்; கார்டு சும்மா இருக்கிறது. கழற்றி, கீழே கார்டில் மாட்டுங்கள். மானிட்டர் பழைய விஜிஏ என்றால் எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் ஒன்று தேவைப்படலாம். அதைச் செய்து பார்த்துவிட்டு 500 ரூபாயைப் பற்றி யோசியுங்கள்.