மீன் புரதப் பொடி: வாசகர் கேள்விகள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் 'ஹைட்ரலைஸ்டு ஃபிஷ் புரோட்டீன்' என்று ஒரு டப்பா வாங்கி வந்திருக்கிறான். ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது, இளமையைக் காக்கும் என்று அதில் போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் சாளைக் குழம்பு அடிக்கடி உண்டு. இது தனியாக வேண்டுமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: வேண்டாம் அம்மா. சாளைக் குழம்பே போதும். அதற்காக அந்தப் பொடியைப் போலி என்று சொல்ல மாட்டேன். மீன் பதனம் சொல்லிக்கொடுத்தே காலம் கழித்தவள் நான். இதன் அருமை வேறு இடத்தில் இருக்கிறது.

'ஹைட்ரலைஸ்டு' என்றால் சிறு துண்டுகளாக உடைத்தது என்று பொருள். மட்டன் சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் அரைத்துத் தடவுகிறோம் அல்லவா? அதிலுள்ள பப்பேய்ன் என்ற நொதி புரதத்தை வெட்டுகிறது. இதே வேலைக்குத் தொழிற்சாலைகளில் அதிகம் பயன்படுவது அல்கலேஸ்; ஒருவகை பாக்டீரியாவிலிருந்து எடுப்பது. அரைத்த மீனோடு அதைச் சேர்த்து 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால், நீளமான புரதங்கள் பெப்டைடு என்னும் சிறு துண்டுகளாக உடையும். அப்புறம் நன்றாகச் சூடேற்றி நொதியின் வேலையை நிறுத்தி, வடித்து உலர்த்துவார்கள்.

மீன் தசையின் புரதம் பெரும்பகுதி வெறும் தண்ணீரில் கரையாது. உடைத்த பிறகு புளிப்பான பானத்தில்கூடக் கரைகிறது. எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்து வைக்கிறது, நுரை கட்டுகிறது. ஆனால் அளவாக உடைத்தால்தான். ரொம்பச் சிறிதாக வெட்டிவிட்டால் கரைவது கூடும். எண்ணெய்த் துளியைச் சுற்றி உறுதியான படலம் கட்டும் திறன் குறையும். எந்த நிமிடத்தில் நிறுத்துவது என்பதில்தான் வித்தையே இருக்கிறது.

ஆன்டிஆக்சிடன்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஹிஸ்டிடின், டைரோசின் போன்ற அமினோ அமிலங்கள் உள்ள துண்டுகள், உடலிலும் உணவிலும் உள்ள பொருட்களைத் தாக்கிக் கெடுக்கும் ஃப்ரீ ராடிக்கல் என்ற நிலையற்ற மூலக்கூறுகளை அடக்குகின்றன. அந்தக் கெடுதலைத் தூண்டும் இரும்பு, செம்பு அயனிகளைச் சில துண்டுகள் பிடித்துக்கொள்கின்றன. ஆய்வகத்தில் டிபிபிஎச் என்ற ஃப்ரீ ராடிக்கலின் ஊதாக் கரைசலில் இதை விட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். உண்மைதான், நானே மாணவிகளுக்குக் காட்டியிருக்கிறேன். ஆனால் அது சோதனைக்குழாய். வயிற்றுக்குள் போனதும் நம் செரிமான நொதிகளான பெப்சினும் டிரிப்சினும் அதை மேலும் வெட்டும். நீங்கள் சாப்பிடும் சாளையையும் அவைதான் பெப்டைடுகளாக உடைக்கின்றன. குழாயில் நிறம் மாறியதைக் காட்டி முகத்தில் சுருக்கம் போகும் என்று விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இந்தக் குணம் நிஜமாகப் பயன்படக்கூடிய இடம் உணவுதான்: மீன் எண்ணெயும் அரைத்த மீனும் சீக்கிரம் காறிப்போகாமல் தள்ளிப்போட உதவும்.

மீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் இந்தப் பொடியைத் தொடவே வேண்டாம். உடைத்துவிட்டதாலேயே ஒவ்வாமை போய்விடாது.

கேள்வி: நாங்கள் வெல்லமும் மீன் கழிவும் சேர்த்துச் செய்யும் மீன் அமிலமும் இதுவும் ஒன்றா?
– விவசாயி, புதுக்கோட்டை

பதில்: உறவு உண்டு. அதிலும் புரதம் உடைகிறது. மீன் குடலில் உள்ள நொதிகளும் நுண்ணுயிர்களும் சேர்ந்து உடைக்கின்றன. எவ்வளவு உடைந்தது என்பது உங்கள் கையில் இல்லை. பயிருக்கு அது போதும், மனிதர் சாப்பிட ஆகாது.

கேள்வி: எங்கள் மகளிர் குழு கருவாடு போடுகிறது. தலை, குடல், முள் எல்லாம் வீணாகிறது. பப்பாளிப் பால் ஊற்றி நாங்களே புரதப் பொடி செய்யலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. வழி இருக்கிறது, ஆனால் வீட்டு அடுப்பில் வேண்டாம். சூடும் அமிலத்தன்மையும் ஒரே அளவில் நிற்க வேண்டும். முதலில் கோழித் தீவனம், மீன் தீவனத்துக்கு என்று தொடங்குங்கள். உங்கள் ஊரிலேயே மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நேரில் போய்ப் பயிற்சி கேளுங்கள்.

மனிதர் உணவு என்று வரும்போது முதல் தொல்லை கசப்பு. புரதத்துக்குள் மறைந்திருந்த, தண்ணீரை ஒதுக்கும் அமினோ அமிலங்கள் வெட்டியதும் வெளியே வந்து நாக்கில் படும். துண்டுகளின் நுனியிலிருந்து கடிக்கும் இன்னொரு வகை நொதியைச் சேர்த்து அதைக் குறைப்பார்கள். அடுத்தது எண்ணெய்: சாளை, அயிலை போன்ற கொழுப்பு மீன் என்றால் எண்ணெயை நன்றாகப் பிரிக்காத பொடி காறிவிடும்.

கழிவை வெட்டியவுடன் ஐஸில் வையுங்கள். சூரை, அயிலை வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகும். கொதிக்க வைத்தாலும் அது அழியாது, நொதியும் அதை எடுக்காது.