கட்டைப் பிரிக்கும் வரை

கேள்வி: சரித்திரக் கொலைக் கதை என்றால் எனக்கு உயிர். ஆனால் முடிவுதான் வரலாற்றிலேயே இருக்கிறதே, அப்புறம் திகில் எப்படி வருகிறது? நம்ம குமரி மாவட்டத்தில் அப்படி எழுத விஷயம் உண்டா?
- வாசகர், தக்கலை

பதில்: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டிலேயே இருக்கின்றன. ஆனாலும் கல்கி 'பொன்னியின் செல்வன்' நாவலில் அந்தக் கொலை நடந்த இருட்டறையை எழுதிய விதத்தால், குத்தியது யார் என்று இன்றும் சண்டை போடுகிறோம். செத்தது யார் என்பது தெரிந்திருக்கலாம், அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பது தெரியாதே. நாவலாசிரியருக்கு அது போதும்.

குமரியில் விஷயமா? 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரம் உங்கள் வீட்டுப் பக்கம்தான். எனக்கு அதைவிடச் சுசீந்திரம்தான் பெரிசு. அங்கே முன்பு கைமுக்கு என்றொரு வழக்கம் இருந்தது: குற்றம் சாட்டப்பட்டவர் கொதிக்கிற நெய்யில் கையை விட வேண்டும், பிறகு கையைக் கட்டி வைத்து, கட்டைப் பிரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில்தான் ஒழிந்தது. கைரேகை, பிரேதப் பரிசோதனை எதுவும் இல்லாத காலம், கை வெந்துபோன ஒருவன், உண்மைக் குற்றவாளி யார் என்று தெரிந்தும் வாய் திறக்காத இன்னொருவன். அந்தக் கட்டைப் பிரிக்கும் வரை நூறு பக்கம் எழுதலாம், நீங்களே எழுதுங்கள்!